தோற்காத ராஜாவின் கோட்டை

அந்தச் சீமையில் பௌர்ணமி வந்தால் ஊருக்கு ஊர் பாய் விரித்து, பகடை உருட்டி, அது விழுகிறபடி கதையை நகர்த்தி, எல்லாரும் ஒரே கனவு நாட்டுக்குள் போய்விடுவார்கள். எந்த ஊரில் கதை எப்படிப் போனதென்று கேட்டு, எல்லாவற்றையும் சேர்த்து அடுத்த பௌர்ணமிக்கான கதையைக் கட்டுகிறவள் பூவாயி.

ஜமீன்தார் தாண்டவராயர் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"அந்த நாட்டுக்கு என்னை ராஜாவாக்கு. எந்த ஊர்ப் பகடையும் என்னை ஜெயிக்கக் கூடாது. ஆனா சனங்க அவங்க இஷ்டப்படிதான் ஆடணும். தவறினா ஆட்டத்துக்கே தடை!"

"ஆகட்டுங்க எசமான்" என்றாள் பூவாயி.

பௌர்ணமி கழிந்தது. ஜமீன்தார் மீசையை முறுக்கினார்.

"எவனாவது என்னை ஜெயிச்சானா?"

"ஒருத்தரும் இல்லீங்க."

"அப்ப எல்லாரும் என் கால்ல விழுந்தாங்களா?"

"வந்தாத்தானே விழறதுக்கு? ஜெயிக்கவே முடியாத இடத்துல பகடையை உருட்டி என்ன பண்றதுன்னு எல்லா ஊர்க்காரங்களும் கதையை ஆத்துப் பக்கம் திருப்பிட்டாங்க. நிலாவைத் தோணியில ஏத்தி ஊர்கோலம் விட்டாங்க. கோட்டையில நீங்க மட்டும்தான் எசமான். சிம்மாசனம் வரைக்கும் புல்லு முளைச்சிருக்கு."

ஜமீன்தாரின் கை மீசையிலிருந்து இறங்கியது. அந்தப் புல் காற்றில் அசைவது அவர் காதுக்கே கேட்டதுபோல் இருந்தது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"பூவாயி, அடுத்த பௌர்ணமிக்கு என்னைத் தோற்கடிக்க ஒரு வழி வைக்கிறியா?"