கசப்புக் கொட்டை

“நான் மன்னிப்புக் கேட்க வேண்டுமா, அம்மா?”

கேட்டவள் வடிவாம்பாள். திருச்செங்கோட்டில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்று, இமயச் சரிவில் உள்ள ஒரு சிறிய மடத்தில் சீடராகச் சேர்ந்தவள். குரு கௌரா அம்மா அவளைவிட வயதில் மிகவும் இளையவர். பழைய பழக்கத்தில் வடிவாம்பாள் சில சமயம் குருவையே நிமிர்ந்து உட்காரச் சொல்லிவிடுவாள். குருவும் நிமிர்ந்து உட்காருவார்.

முந்தின நாள் விருந்தில் வந்த வினை இது.

பனிக்காலம் முழுவதும் மடத்துக்குக் கோதுமை கொடுப்பவர் மரக் குத்தகைதாரர் தேவ் சிங். எல்லாரும் அவரைப் புகழ்ந்துகொண்டிருந்தபோது வடிவாம்பாள் எழுந்தாள்.

“மேல் காட்டை வெட்டினீர்கள். கீழ்க் கிராமத்து ஊற்று வற்றிவிட்டது. இங்கே கோதுமை கொட்டினால் அங்கே தண்ணீர் வருமா?”

தேவ் சிங் தட்டைத் தள்ளினார்.

“நாளை மாலை வருவேன். இந்த அம்மா மன்னிப்புக் கேட்க வேண்டும். இல்லையென்றால் கோதுமை கிடையாது.”

மற்றச் சீடர்களுக்கு இதில் தத்துவச் சிக்கல் எதுவும் தென்படவில்லை.

“கேட்டுவிடுங்கள் அக்கா. உங்கள் நாக்குக்காக எங்கள் வயிறு ஏன் காய வேண்டும்?”

கௌரா அம்மா ஒரு கூடைக் கொட்டைகளை வடிவாம்பாள் முன் கவிழ்த்தார்.

“உரியுங்கள், டீச்சர்.”

முற்றத்து மரத்தின் கொட்டைகள் அவை. எண்ணெய் தேய்த்த தேக்கு போன்ற பளபளப்பு. மரத்தின் பெயர் குதிரைக் கஷ்கொட்டை. இலை உதிர்ந்த இடத்தில் லாடம் போன்ற தழும்பு விழும், ஆணிப் புள்ளிகள் உட்பட. பெயர் அதனால் வந்தது என்று வாதிடுகிறவர்கள் உண்டு. கொட்டையை நிறையத் தின்றால் குதிரைக்கே ஆகாது. பெயர் வைத்தபோது குதிரையை யாரும் கேட்கவில்லை.

வடிவாம்பாள் ஒரு துணுக்கை நாக்கு நுனியில் வைத்தாள். துப்பினாள்.

“இதையா தின்கிறீர்கள்?”

“இடித்து, துணியில் கட்டி, ஓடையில் போடுவோம்.”

“எவ்வளவு நாள்?”

“கசப்பு போகும்வரை.”

“போகாவிட்டால்?”

“வயிறு சொல்லும்.”

வடிவாம்பாள் சிறிது நேரம் உரித்தாள்.

“பேசாமல் நான் ஊருக்கே கிளம்பிவிடட்டுமா? இவர்களாவது சாப்பிடுவார்கள்.”

“இன்னும் பாதிக் கூடை இருக்கிறது.”

ஓடையில் முன்பே கிடந்த ஒரு மூட்டையை எடுத்து வந்து, குரு ரொட்டி சுட்டுக் கொடுத்தார். கசப்பு இல்லை. ருசி என்று சொல்லவும் பெரிதாக ஒன்றும் இல்லை.

வடிவாம்பாளின் முகம் தெளிந்தது.

“புரிந்துவிட்டது அம்மா. என் கசப்பையும் நான் கழுவிவிட வேண்டும்.”

“அப்படியா?” என்றார் கௌரா அம்மா.

சீடர்களுக்குச் சீக்கிரம் புரிந்துவிடுகிறது. அதைப் பொறுத்துக்கொள்வதுதான் குருமார்களின் வேலையில் பாதி.

மாலையில் அவள் மரத்தடியில் உட்கார்ந்து மன்னிப்பை மனப்பாடம் செய்தாள். மூன்றே வாக்கியங்கள். ஒரு பிழை கிடையாது.

கருமுகக் குரங்கு ஒன்று இறங்கி வந்து, விழுந்து கிடந்த கொட்டையைக் கடித்தது. வீசி எறிந்தது. அடுத்திருந்த அக்ரூட் மரத்துக்குத் தாவியது.

வடிவாம்பாள் அக்ரூட் மரத்தடியைப் பார்த்தாள். வெறும் ஓடுகள்; ஒரு கன்றுகூட இல்லை.

தன் காலடியைப் பார்த்தாள். சருகுகளுக்கு நடுவே, விரித்த கை போன்ற இலைகளோடு, இங்கொன்றும் அங்கொன்றுமாக இளங்கன்றுகள். ஒன்றின் மேல் அவளே உட்கார்ந்திருந்தாள்.

நகர்ந்து உட்கார்ந்தாள். இரண்டாம் வாக்கியம் மறந்துபோயிற்று.

தேவ் சிங் வந்தார். சீடர்கள் அவருக்குப் பாய் விரித்தார்கள்.

“என்ன டீச்சரம்மா, நாக்கைக் கழுவியாயிற்றா?”

“ஐயா, இங்கே கொட்டையைத்தான் கழுவுகிறார்கள். அதுவும், தின்ன வேண்டியவர்கள் கழுவிக்கொள்கிறார்கள். மரத்தை யாரும் ஓடையில் போட்டதாகத் தெரியவில்லை.”

“கதை வேண்டாம். மன்னிப்பு?”

“ஊற்று திரும்பட்டும். அன்றைக்கே கேட்கிறேன்.”

விரித்த பாயை ஒரு சீடர் இன்னும் கொஞ்சம் இழுத்துச் சரிசெய்தார். தேவ் சிங் உட்காரவில்லை. குருவின் பக்கம் திரும்பினார்.

“உங்கள் சீடர் பேசுவதைக் கேட்டீர்களா, மாதாஜி? நான் கோதுமையை நிறுத்தினால் பனிக்காலம் முழுவதும் எதைத் தின்பீர்கள்?”

கௌரா அம்மா மரத்தை அண்ணாந்து பார்த்தார். அந்த ஆண்டு அது கிளை தாழக் காய்த்திருந்தது.

“டீச்சர், அந்தப் பெரிய கூடையை எடுங்கள்.”