வீடு பார்க்கச் சொல்லும் நாள்

“மாஸ்டர், நான் வீடு பார்க்கட்டோ?”

முதல் மாட்ச் வென்ற கையோடு ஆரணி கேட்டது அதைத்தான். முகக்கவசத்தைக்கூட இன்னும் கழற்றவில்லை.

மாஸ்டர் குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். 

அந்த அணியில் ஒரு வழக்கம் இருந்தது.

கனடாவின் வடக்கே, குளிரைத் தவிர வேறொன்றுக்கும் பெயர் போகாத ஒரு நகரம். அங்கே சம்பளத்துக்கு விளையாடும் பெண்கள் ஐஸ் ஹொக்கி அணி. புதிதாக வருகிறவளை, விளையாடும் ஐஸ் தளமான ரிங்குக்குப் பக்கத்து ஹொட்டேலில் ஓர் அறையில் போடுவார்கள். அவள் சூட்கேஸைப் பிரிக்காமல் கிடப்பாள். ஒருநாள் பயிற்சியாளர் வந்து, “வீடு பார்” என்பார். அந்தச் சொல் காதில் விழுந்தால் நீ அணிக்காரி. விழாவிட்டால் ஒரு காலை ஹொட்டேல் வாசலில் ராக்சி நிற்கும், விமான நிலையத்துக்குப் போக.

ஆரணி கோல் காப்பவள். அவளுடைய மகள் நேயாவுக்கு எட்டு மாதம். பிள்ளை தகப்பனோடு ரொறன்ரோவில். ஆரணி இங்கே, பிரிக்காத சூட்கேஸோடு.

மாஸ்டர் என்றதும் நரைத்த தாடியை நினைத்துவிட வேண்டாம். அவருடைய பெயர் டிலக்சன். ஆரணியைவிட நாலு வயது இளையவர். அவரும் கோல் காத்தவர்தான். முழங்கால் இரண்டும் கைவிட்ட பிறகு, காப்பவர்களுக்குப் பழக்கிக் கொடுக்க வந்தவர். பயிற்சி முகாமில் ஆரணி பகிடிக்கு “மாஸ்டர்” என்று கூப்பிடப்போய், வெள்ளைக்காரப் பெட்டைகளும் அதையே பிடித்துக்கொண்டார்கள். அவரோ ஆரணியை “அக்கா” என்பார். குரு சிஷ்யையை அக்கா என்று கூப்பிடுகிற மடம் உலகத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

மாஸ்டர் எழும்பினார். பக் ஒன்றைக் கையில் எடுத்தார். அவர்கள் அடித்து விளையாடும் அந்தக் கறுத்த றப்பர் வில்லை.

“பிடியுங்கோ அக்கா.”

ஆரணி கையுறையை விரித்தாள்.

அவர் எறியவில்லை.

“பிடியுங்கோவன்.”

“நீங்கள் இன்னும் எறியேல்லையே!”

“ஓ,” என்றார் மாஸ்டர். பக்கைப் பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஆரணி விரித்த கையோடு நின்றாள்.

அன்று பின்னேரம் போனில் கணவன் நிரூபன் கேட்டான்.

“என்னவாம்?”

“பக்கைக் காட்டினவர்.”

“பிறகு?”

“கொண்டு போயிட்டார்.”

“அந்தாளுக்கு விசரோ?”

அதற்குள் நேயா போனைப் பிடுங்கி வாயில் வைத்துவிட்டாள். திரை முழுக்க ஈரமாய் ஒரு ரோஸ் நிறம். அதன் நடுவில் அரிசி மணியளவில் வெள்ளையாய் என்னவோ தெரிந்தது.

“நிரூ! பல்லு!”

“ஓம், கீழை ஒண்டு.”

“எப்ப வந்தது?”

“முந்தநாள் போலை.”

“எனக்குச் சொல்லேல்லை?”

“நீர் மாட்ச் யோசினையிலை இருந்தீர்...” அவன் குரலைத் தணித்தான். “நாங்கள் அங்கை வரட்டோ? எனக்கு லீவுதானே.”

“ஹொட்டேலுக்கோ? பிள்ளை வந்து, இந்த இடம் பழகி, அடுத்த நாள் வாசலிலை ராக்சி நிண்டா? வேண்டாம். அவை வீடு பார்க்கச் சொல்லட்டும். சொன்ன உடனை வாங்கோ.”

திரையை அணைத்த பிறகு அதைத் துடைக்க மனம் வரவில்லை. எச்சில் ஒன்றும் இந்தப் பக்கம் வந்துவிடவில்லை என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் என்ன?

அதே மாட்சில் றோவன் என்றொரு சின்னப் பெட்டை இரண்டு கோல் அடித்திருந்தாள். முன்வரிசைக்காரி. திரும்பி வரும் பஸ்ஸிலேயே அவளுடைய பயிற்சியாளர் வந்து தோளில் தட்டினார். “வீடு பார்.” பஸ் முழுக்கக் கைதட்டியது. மறுநாள் றோவன் சூட்கேஸை உருட்டிக்கொண்டு போகையில், லிஃப்டுக்குள் நின்று ஆரணிக்கு ஒரு முத்தத்தைக் காற்றில் விட்டாள்.

“அடுத்தது நீதான், அம்மா!”

எல்லோரும் அவளை அம்மா என்றுதான் கூப்பிட்டார்கள், கூப்பிட வேண்டிய ஒருத்தியைத் தவிர.

இரண்டாவது மாட்சும் வென்றார்கள். மாஸ்டரிடம் கேட்டாள்.

“சாப்பிட்டனீங்களோ அக்கா?” என்றார்.

மூன்றாவது மாட்சில் கடைசி நிமிடம். ஒரு கோலால் முன்னிலை. எதிரணிக்காரி தனியாகப் பாய்ந்து வருகிறாள். அந்த நேரம் பார்வையாளர் வரிசையில் எங்கேயோ ஒரு கைக்குழந்தை வீரிட்டு அழுதது.

கவசத்துக்குள் ஆரணிக்குப் பால் கசிந்தது.

பக் வந்து அந்த நெஞ்சிலேயே மோதி விழுந்தது. அவள் அதன் மேல் கவிழ்ந்து கிடந்தாள். தோழிகள் வந்து மேலே விழுந்து கத்தினார்கள். அவள் எழும்புவதற்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. சந்தோசம் என்று நினைத்தார்கள்.

அடுத்த நாள் பத்திரிகையில் அவளுடைய படம். “வடக்கின் மதில்” என்று தலைப்பு. ரேடியோக்காரன் கணக்குப் பார்த்தான்: இந்த வேகத்தில் போனால், சீசன் முடிகிறபோது இந்தப் பெண் சரித்திரத்தையே மாற்றிவிடுவாளாம்.

ஆரணி பத்திரிகையோடு போனாள்.

“மாஸ்டர், இதைப் பாருங்கோ. இப்பவாவது சொல்லுங்கோ. வீடு பார்க்கட்டோ?”

மாஸ்டர் பத்திரிகையை வாங்கினார். முழுவதையும் வாசித்தார். பின்பக்கத்துச் சமையல் குறிப்பையும் வாசித்தார்.

“வெளிக்கிட்டு வாங்கோ,” என்றார்.

ஐஸை மெழுகும் வண்டி அப்போதுதான் ஒரு சுற்றுப் போய் முடிந்திருந்தது. தளம் கண்ணாடிபோல் மினுங்கியது. கூரை விளக்குகள் அதற்குள் தலைகீழாய் எரிந்தன.

வலைக்கு முன்னால் நின்றதும் ஆரணி காலை அங்கும் இங்கும் இழுத்து ஐஸைச் சுரண்டத் தொடங்கினாள். கால் பிடிக்க வேண்டுமென்று கோல் காப்பவர்கள் எல்லோரும் செய்வதுதான். சுரண்டாமல் ஒருத்தியும் நிற்கமாட்டாள்.

“சுரண்ட வேண்டாம்,” என்றார் மாஸ்டர்.

“என்ன?”

“அப்பிடியே நில்லுங்கோ.”

முதலாவது பக்கை இடப்பக்கம் அடித்தார். ஆரணி உந்தினாள். கால் பிடிக்கவில்லை. விழுந்தாள். அடுத்தது வலப்பக்கம். மறுபடியும் விழுந்தாள். பிறந்த கன்றுக்குட்டிபோல் நாலு பக்கமும் கால் பரந்தது. “வடக்கின் மதில்” வயிற்றில் சறுக்கிப் போய்த் தன் வலைக்குள்ளேயே கிடந்தது.

“ஏன் விழுந்தனீங்கள்?”

“நீங்கள்தானே சுரண்ட வேண்டாமெண்டு சொன்னனீங்கள்!”

“இப்பதான் மெழுகினது. நல்ல வடிவா இருக்கே.”

“வடிவிலை நிக்கேலாது மாஸ்டர்!”

“ஓமக்கா,” என்றார் மாஸ்டர். பத்திரிகையை மடித்துக் கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார்.

ஆரணி வலைக்குள் மல்லாந்து கிடந்தாள். அவர் சொன்னது விளங்கியது. விளங்கி என்ன? நேயாவின் பல்லை விளக்கத்தால் தொட்டுப் பார்க்க முடியாது.

நாலாவது மாட்ச் வெளியூரில். வென்றார்கள். உடுப்பு மாற்றும் அறைக்குள் அவள் வந்து இருந்ததும் போன் அடித்தது.

நிரூபன் கத்தினான். “ஆரணி! பிள்ளை கதைச்சிட்டாள்! ரீவியைப் பார்த்துக் கையை நீட்டி, ‘அம்மா’ எண்டு. வடிவா, முழுசா, ‘அம்மா’!”

ஆரணி ஈரத் துவாயை வாயில் அழுத்திக்கொண்டாள்.

“எந்த இடத்திலை? நான் அந்தக் கடைசிப் பக்கைப் பிடிச்ச இடமோ?”

அந்தப் பக்கம் நிரூபன் ரீவியின் சத்தத்தைக் குறைப்பது கேட்டது.

“நிரூ?”

“அது... அந்த நேரம் மற்ற அணியிலை கோல் காக்கிறவவைத்தான் காட்டினவங்கள்.”

“என்ன?”

“அவவும் அதேமாதிரித்தானே முகத்தை மூடிக்கொண்டு நிக்கிறா. பிள்ளைக்கு என்ன தெரியும்?”

ஆரணி சிரித்தாள். பக்கத்தில் இருந்தவர்களுக்கும் சொன்னாள். அவர்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பஸ்ஸில் யன்னல் பக்கமாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வழி நெடுக வெறும் பனிதான்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் ஹொட்டேல் வாசலில் ராக்சி நின்றது.

ஆரணி சாப்பிட்டுக்கொண்டிருந்த கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

றோவன் நின்றாள், போகிற வழியில் ராக்சியை நிறுத்திச் சொல்லிக்கொண்டு போக. ஒரு கையில் சூட்கேஸ். மற்றக் கமக்கட்டில் சுருட்டிய மஞ்சள் திரைச்சீலை.

“என்னடி இது?”

“மேற்கு அணிக்கு மாத்திட்டாங்கள். காலமைதான் போன் வந்தது.”

“உன்னை வீடு பார்க்கச் சொன்னவை எல்லோ!”

“சொன்னவைதான். நானும் பார்த்தனான்தானே.” றோவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். “திரைச்சீலையும் போட்டனான். என்ரை அம்மா வந்து நிண்டவ. ஒவ்வொரு நாளும் சூப்பு. எனக்குச் சூப்பெண்டாலே அலுத்துப் போச்சு.”

ராக்சிக்காரன் ஹோர்ன் அடித்தான்.

“நல்லாத்தான் இருந்தது,” என்றாள் றோவன். திரைச்சீலையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

ஆரணி சப்பாத்தைக்கூடச் சரியாகப் போடாமல் ரிங்குக்கு நடந்தாள். உள்ளே கொதித்தது. சொன்னாலும் அனுப்புவார்கள் என்றால் பிறகு அந்தச் சொல் எதற்கு? அதற்காகவா தவம் கிடக்கிறேன்? அதற்காகவா என் பிள்ளை ஊர்பேர் தெரியாத ஒருத்தியைப் பார்த்துக் கை நீட்டுகிறாள்?

ரிங்க் பூட்டிக் கிடந்தது. அன்று விடுமுறை.

“மாஸ்டர் எங்கை இருக்கிறவர்?” என்று காவல்காரனிடம் கேட்டாள். கேட்ட பிறகுதான், இத்தனை நாளாய் அதை ஒருவரிடமும் கேட்டதில்லை என்பது அவளுக்கு உறைத்தது.

“பெற்றோல் செட்டுக்குப் பின்னாலை, அந்த மோட்டலிலை.”

மோட்டல் அறைகளுக்கு நடுவேயான நீண்ட நடை ஓடையில் மூன்று சில்லுச் சைக்கிள் ஒன்று படுவேகமாய் வந்து அவளுடைய கணுக்காலில் முட்டியது. மேலே மூன்று வயதுப் பெட்டைக்குட்டி ஒருத்தி.

“ஆர் நீங்கள்?”

“நான் மாஸ்டரிட்டைப் படிக்கிறன்.”

குட்டி சைக்கிளைத் திருப்பிக்கொண்டு கத்தினாள். “அம்மா! அப்பாட்டைப் படிக்கிற பிள்ளை வந்திருக்கு! சரியான பெரிய பிள்ளை!”

கதவு திறந்தது. பொரித்த கத்தரிக்காய் வாசம் முகத்தில் அடித்தது.

“ஐயோ, ஆரணி அக்காவோ? வாங்கோ வாங்கோ,” என்றாள் மாஸ்டரின் மனைவி தட்சா. “சப்பாத்தோடையே வாங்கோ, இஞ்சை கழட்டி வைக்க இடமில்லை.”

ஒற்றை அறை. ரீவி மேசையில் றைஸ் குக்கர். விளக்குக்கும் யன்னல் கம்பிக்கும் குறுக்கே கொடி கட்டி, அதில் சின்னச் சின்னக் காலுறைகள். மோட்டல்காரன் மாட்டிய படத்தை மூடி, பிள்ளை கீறிய யானை ஒன்று ஒட்டியிருந்தது. கூரையில் புகைக்கு அலறுகிற கருவிக்கு, குளியலறைத் தொப்பியை இறுக்கி மாட்டிவிட்டிருந்தார்கள்.

அதற்குக் கீழே, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, மின்னடுப்பில் கத்தரிக்காய் பிரட்டிக்கொண்டிருந்தார் மாஸ்டர்.

“இருங்கோ அக்கா. சோறு ஆகிட்டுது.”

கட்டிலைத் தவிர இருக்க இடமில்லை. ஆரணி கட்டில் விளிம்பில் இருந்தாள். வழி முழுக்கச் சேர்த்துக்கொண்டு வந்ததை விட்டு வேறொன்றைக் கேட்டாள்.

“மாஸ்டர், உங்களுக்கு... ஒருத்தரும் சொல்லேல்லையோ?”

“என்னத்தை?”

“வீடு பார்க்கச் சொல்லி.”

மாஸ்டர் அகப்பையை நிறுத்தி யோசித்தார்.

“இல்லையக்கா. மறந்திட்டினம் போலை.”

“நீங்கள் கேக்கேல்லையோ?”

“முதல் வருசம் கேட்டனான். ஒவ்வொரு மாட்ச் முடியவும்.”

“பிறகு?”

சைக்கிள் உள்ளே வந்து அவருடைய காலில் முட்டியது. அவர் ஒரு கத்தரிக்காய்த் துண்டை ஊதி, ஆறவைத்து, குட்டியின் வாயில் வைத்தார்.

“பிறகு இவள் பிறந்திட்டாள்,” என்றார்.

ஆரணி எழும்பினாள்.

“அக்கா, சோறு போட்டாச்சு,” என்றாள் தட்சா.

“இந்தா, வாறன்.”

ஓடைக்கு வந்து போனை எடுத்தாள். 

“நிரூ, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ.”

“என்ன! சொல்லிட்டினமோ?”

“இல்லை,” என்றாள் ஆரணி. “தொட்டிலையும் கழட்டிக் காரிலை போடுங்கோ.”