மஞ்சளுக்கு ஆனது சிவப்புக்கும்

ஊஞ்சக்காட்டுப்பாளையத்தில் புத்திசாலிகளே கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூட நால்வர் போர்வெல்ஸில் பங்குதாரர் இல்லை, அவ்வளவுதான்.

நால்வர் என்பது பொங்கியண்ணன், சென்னியப்பன், காளியண்ணன், அர்த்தநாரி ஆகிய நாலு பேர். திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆண்பிள்ளைகள் பலரையும் போல இவர்களும் மீசை முளைத்த கையோடு ரிக் லாரியில் ஏறி வடக்கே போனவர்கள். ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போட்டார்கள். தண்ணீர் இருக்கிற இடத்தை வேறு யாராவது காட்டிக் கொடுத்துவிடுவார்கள், இவர்கள் துளைத்தால் மட்டும் போதும் என்பதால் தொழில் ஓகோவென்று நடந்தது.

நாலு பேரும் கலந்து பேசாமல் ஒரு துண்டுகூட வாங்க மாட்டார்கள். வாங்குவதற்கும் ஒரு முறை வைத்திருந்தார்கள். பாறையைக் குடைகிற பிட் வாங்குவதென்றால் ரெண்டு கம்பெனி பிட்டையும் வரவழைத்து, ஒரே காட்டில், ஒரே பாறையில், பக்கத்தில் பக்கத்தில் இறக்கிப் பார்ப்பார்கள். எது தேயாமல் மேலே வருகிறதோ அதை வாங்குவார்கள்.

"ஒண்ணைக் கருங்கல்லுலயும் இன்னொண்ணைச் செம்மண்ணுலயும் எறக்கிப்போட்டு, இது நல்லது அது சொத்தைன்னா நாயமாடா?" என்பார் நால்வரில் மூத்தவரான பொங்கியண்ணன். அவர் வாயிலிருந்து வந்தவற்றில் உருப்படியான பேச்சு அது ஒன்றுதான். அதையும் எந்த இடத்தில் நிறுத்துவது என்று அவருக்குத் தெரியாமல் போனதுதான் இந்தக் கதை.

கையில் காசு புரண்டதும் நால்வருக்கும் கார் ஆசை வந்தது. ஊரில் எல்லோரும் வைத்திருக்கிற கார் இல்லை. கதவு பக்கவாட்டில் திறக்காமல் மேலே தூக்கிக்கொண்டு நிற்கும், பொத்தானை அமுக்கினால் கூரை மடங்கி ஒளிந்துகொள்ளும், உள்ளே உட்கார்ந்தால் பந்திப்பாயில் உட்கார்ந்த மாதிரி இருக்கும், அந்த மாதிரி வெளிநாட்டுக் கார். கோயமுத்தூர் ஷோரூம் ஒன்றில் சிவப்பாக ஒன்றும் மஞ்சளாக ஒன்றும் நின்றன. ரெண்டும் வேறு வேறு கம்பெனி.

சிவப்பின் கதவு மேலே எழும்பிய நிமிஷத்திலேயே அர்த்தநாரி சொக்கிப் போனான். பாதி ஆயுளைச் சேற்றிலும் பாறைத்தூளிலும் கழித்தவன் அவன். அவன் கைபட்டது எதுவும் மறுநாளே சாம்பல் நிறமாகிவிடும். கல்யாணப் பட்டுவேட்டிக்கே அந்தக் கதிதான். இத்தனை சிவப்பாக ஒரு பொருள் தனக்குச் சொந்தமாக இருக்கலாம் என்று அவன் கனவிலும் நினைத்ததில்லை. சென்னியப்பனோ மஞ்சளையே சுற்றிச் சுற்றி வந்தான்.

ஷோரூமில் இவர்களைக் கவனித்துக்கொண்டவன் ஜெரால்டு என்கிற இளைஞன். நல்ல பையன். அவனுடைய போதாத காலம், ஆலோசனை சொன்னான்.

"ரெண்டையும் ஒரு வாரம் எடுத்துட்டுப் போங்க சார். இந்த மாதிரி வண்டிய வச்சிருக்கறது ஒரு அனுபவம், ஓட்டறது வேற அனுபவம். ரெண்டையும் தனித்தனியாப் பாருங்க. ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கங்க. ரெண்டு வண்டியையும் ஒரே மாதிரி நடத்திப் பாத்தாத்தான் எது ஒசத்தின்னு தெரியும். பிடிச்சதை வச்சுக்கிட்டு மத்ததை அனுப்பிச்சிருங்க."

பொங்கியண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. "நம்ம தொழில் தெரிஞ்ச தம்பி" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

கார்கள் ஊஞ்சக்காட்டுப்பாளையத்துக்கு வந்து ரிக் ஷெட்டுக்கு முன்னால் நின்றன. முதல் நாள் காலையில் நாலு பேரும் குளித்துவிட்டு வந்து, பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, கார்களுக்கு எதிரே உட்கார்ந்தார்கள்.

"இன்னைக்கு வச்சிருக்கற அனுபவம் மட்டுந்தான்" என்றார் பொங்கியண்ணன். "யாரும் வண்டியத் தொடப்படாது. தொட்டா ஓட்டற அனுபவம் கலந்துரும்."

வெயில் ஏறியது. நால்வரில் இளையவனான காளியண்ணன் நெளிந்தான். "ஏனுங்கண்ணா, இப்ப நாம வச்சிருக்கறோமுங்களா?"

"வச்சிருக்கறோம்."

"எனக்கு ஒண்ணும் தெரியலீங்களே."

"கொஞ்ச நேரம் ஆகும்டா. கவனமா உக்காரு."

மதியத்துக்கு மேல் சென்னியப்பன் திடீரென்று நெஞ்சைப் பிடித்தான். "அண்ணா, எனக்கு வந்துருச்சுங்க! யாராச்சும் வந்து கீறிப் போடுவாங்களோன்னு உள்ளுக்குள்ள ஒரே பதட்டமா இருக்குது."

"எனக்குந்தான்!" என்றான் அர்த்தநாரி. "சோறு எறங்கமாட்டேங்குது."

"அதேதான்" என்று பொங்கியண்ணன் மகிழ்ந்து போனார். "அதுதான் வச்சிருக்கற அனுபவம். எந்த வண்டிக்குப் பதட்டம் சாஸ்தி?"

"செகப்புக்குத்தானுங்க" என்றான் அர்த்தநாரி பெருமையாக. அவன் சொன்னது பொய்யில்லை. மஞ்சளை எடுப்பதென்று முடிவாகிவிட்டால் சிவப்பு கோயமுத்தூருக்குத் திரும்பிப் போய்விடுமே என்ற நினைப்பில் முந்தின ராத்திரி அவன் கண்ணே மூடவில்லை.

அந்தப் பதட்டத்துக்கு வேலை வைக்க மறுநாளே ஒரு வெள்ளாடு வந்தது. பக்கத்துக் காட்டுக்காரருடையது. மேடாக எதைக் கண்டாலும் ஏறிப் பார்க்கிற சாதி அது. ஒரே தாவில் சிவப்பின் மேல் ஏறி, குளம்பால் நாலு கோடு இழுத்துவிட்டு, நிதானமாக இறங்கிப் போனது. அர்த்தநாரி கோட்டைத் தடவித் தடவி அழுதான். காளியண்ணன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

பொங்கியண்ணன் அழவில்லை. அவருடைய கவலை வேறு. "செகப்புல கீறல் வுழுந்துருச்சு. மஞ்சள்ல இல்ல. இனி எப்படி ஒப்பிடறது?"

நாலு பேரும் யோசித்தார்கள். யோசித்தபின் ஆட்டைப் பிடித்து வந்தார்கள். சென்னியப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு மஞ்சளின் பக்கத்தில் நின்றான். ஆடு ஏறமாட்டேன் என்றது. மேலே தூக்கி வைத்தால் குதித்துவிட்டது. கடைசியில் மஞ்சளின் மேல் ஒரு கட்டு அகத்திக்கீரையைப் பரப்பினார்கள். ஆடு ஆசையாக ஏறி, தின்று, கீறி, புழுக்கையும் போட்டது.

"செகப்புல புழுக்கை இல்லீங்களே" என்றான் காளியண்ணன்.

இன்னொரு கட்டுக் கீரை வாங்கிவர ஆள் போனது. அன்றைய பொழுது அதிலேயே கழிந்தது.

அப்புறம் ஓட்டுகிற அனுபவம். இங்கேதான் ஜெரால்டு சொன்ன மற்ற ஆலோசனைகள் வரிசையாக வேலை செய்ய ஆரம்பித்தன. டயர் சூடேறிய பிறகுதான் வேகமாக ஓட்ட வேண்டும் என்று அவன் சொல்லியிருந்தான். அண்டாவில் வெந்நீர் போட்டு, முழங்கையை விட்டுப் பதம் பார்த்து, எட்டு டயருக்கும் சொம்பு சொம்பாக ஊற்றினார்கள். வேகத்தடை வந்தால் வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு போங்கள் என்றும் சொல்லியிருந்தான். அதற்கென்று காரிலேயே ஒரு பொத்தான் இருக்கிறது. யார் கண்டது? இவர்கள் ரிக்கோடு போகிற கிரேன் லாரியை எடுத்தார்கள்.

ஊரிலிருந்து சங்ககிரி ரோட்டுக்குப் போவதற்குள் ஏகப்பட்ட வேகத்தடை. ஒவ்வொன்றுக்கும் காளியண்ணன் லாரியை நிறுத்தி, கிரேனை இறக்கி, சிவப்பின் மூக்கைத் தூக்கி அந்தப்பக்கம் வைத்து, பிறகு மஞ்சளுக்கும் அதே மாதிரி செய்தான். கண்மூடித் திறப்பதற்குள் காற்றாய்ப் பறக்கிற ரெண்டு கார்கள் கிரேன் லாரிக்குப் பின்னால் ஊர்ந்தன. ஒரு டவுன் பஸ் ஆரன் அடித்தே ஓய்ந்துபோய் வேறு வழியில் போனது. ரோட்டை எட்டியபோது பொழுது சாய்ந்துவிட்டதால் அப்படியே திரும்பினார்கள்.

"வேகம் எப்படி?" என்று கேட்டார் பொங்கியண்ணன்.

"ரெண்டும் லாரி வேகந்தானுங்க" என்றான் சென்னியப்பன். அதிலும் வெற்றி தோல்வி இல்லை.

வாரத்தின் கடைசி நாள் வந்தது. மாலையில் ஜெரால்டு வந்துவிடுவான். அர்த்தநாரிக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. மிச்சம் இருந்தது ஒரே ஒரு சோதனைதான். முன்னால் ஏதாவது இருந்தால் வண்டி தானாகவே பிரேக் போட்டுக்கொள்ளும் என்று ஜெரால்டு சொல்லியிருந்தான்.

ஓட்டுகிற ஆளும் ஒன்றாக இருந்தால்தான் நியாயம் என்பதால் ரெண்டையும் சென்னியப்பனே ஓட்டுவதென்று ஏற்பாடு. கூரையை மடக்கிவிட்டு முதலில் சிவப்பை எடுத்தான். காட்டுப் பாதையில் ஒரு எருமை படுத்திருந்தது. சிவப்பு அதற்கு முன்னால் சட்டென்று நின்றது. அர்த்தநாரி துண்டைத் தூக்கிப் போட்டுக் குதித்தான்.

மஞ்சளை எடுத்து வருவதற்குள் எருமை எழுந்து போய்விட்டது. சென்னியப்பன் சுற்றும் முற்றும் பார்த்தான். தன் மஞ்சளுக்கு ஒரு எருமை போதாது என்று அவனுக்கு ரோஷம் வந்தது. "இந்தக் காட்டுல பெரிசா இருக்கறது கெணறுதான். அதுக்கு முன்னால நிக்கறானா இல்லையா பாருங்க!" என்று கத்திக்கொண்டே, சுற்றுச்சுவர் இல்லாத கிணற்றைப் பார்த்து வண்டியை விட்டான்.

மஞ்சள் நிற்கவில்லை.

கிணற்றில் ஆளுயரத் தண்ணீர்தான். சென்னியப்பன் ஒரு செருப்பை இழந்ததோடு படியேறி மேலே வந்தான். நாலு பேரும் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

"ஏன் நிக்கல?" என்றார் பொங்கியண்ணன்.

காளியண்ணன் தலையைச் சொறிந்தான். "முன்னால ஏதாச்சும் இருந்தாத்தானுங்க நிக்கும். கெணத்துல என்ன இருக்குது? வெறும் பள்ளந்தானே. ஒண்ணுமே இல்லாதப்ப அது எதுக்குங்க நிக்கோணும்?"

கார் மேல் தப்பில்லை என்று நாலு பேரும் ஒத்துக்கொண்டார்கள்.

மஞ்சள் தொலைந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், சிவப்பு அர்த்தநாரிக்கே. சொட்டச் சொட்ட நின்ற சென்னியப்பன் அவனைப் பார்த்தான். "ஏ மச்சே, உன்ற செகப்புக்கு எருமை, என்ற மஞ்சளுக்குக் கெணறா? இது நாயமா?"

கருங்கல்லும் செம்மண்ணும் அர்த்தநாரியின் கண்முன் வந்து நின்றன. இப்படி ஜெயித்தால் வாழ்நாளெல்லாம் அந்தக் கதவு மேலே எழும்பும்போது கூசும். தவிர, அவனுக்கு ஒரு நம்பிக்கையும் இருந்தது. "என்ற செகப்பு நிக்கும்டா" என்றான். "கெணறு என்னன்னு அதுக்குத் தெரியும். எடு வண்டிய."

சென்னியப்பன் ஒற்றைச் செருப்போடு சிவப்பில் ஏறினான். அர்த்தநாரி கிணற்றோரம் நின்று தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டான். சிவப்பு சீறிக்கொண்டு வந்தது. விளிம்பு வரைக்கும் வந்தது. மஞ்சள் போன வழியிலேயே போனது.

அர்த்தநாரி முகத்தைப் பொத்திக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து ஒரு சத்தம் கேட்டு விரலிடுக்கில் பார்த்தான். சிவப்பு மஞ்சளின் மேல் உட்கார்ந்திருந்தது. பாதிக்கு மேல் தண்ணீருக்கு வெளியே இருந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சென்னியப்பன் ஆரனை அமுக்கிக்கொண்டிருந்தான்.

"பாத்தீங்களா!" என்று அர்த்தநாரி ஆனந்தத்தில் அலறினான். "மஞ்சள் முழுகிப்போச்சு, என்ற செகப்பு முழுகல! செகப்பே ஒசத்தி!"

"அடேய்!" என்று கிணற்றுக்குள்ளிருந்து சென்னியப்பன் கத்தினான். "அடியில என்ற மஞ்சள் மெத்தையாட்டம் கெடக்குதுடா! அது இல்லீனா இதுவும் முழுகித்தான் போயிருக்கும்!"

பொங்கியண்ணன் கிணற்றை இன்னொரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். "சென்னி சொல்றது சரிதான். மொதல்ல வுழுந்ததுக்குத் தண்ணி, ரெண்டாவது வுழுந்ததுக்குக் காரு. இது ஒரே பாறை இல்ல. ரெண்டையும் தூக்கி, இந்தத் தடவை செகப்பை மொதல்ல போடோணும்."

அர்த்தநாரியே கிரேன் லாரியைக் கொண்டுவரச் சொன்னான். நியாயம் நியாயம்தான்.

ஜெரால்டு பைக்கில் வந்து இறங்கியபோது கிரேன் சங்கிலியில் மஞ்சள் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கதவு மேலே தூக்கி நின்றது, உள்ளிருந்து தண்ணீர் கொட்டியது. சென்னியப்பன் தன்னையும் காயவைக்க வெயிலில் கைகளை விரித்துக்கொண்டு நின்றான். கிணற்றோரம் நின்ற சிவப்பை அர்த்தநாரி துண்டால் துடைத்துக்கொண்டிருந்தான், விளக்குகளை ஒற்றி, சீட்டை அழுத்திப் பிழிந்து, குழந்தைக்குத் தலை துவட்டுகிற பதத்தில்.

ஜெரால்டு பைக்கை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தான். "சார்... என்ன சார் இது... என்ன சார் பண்றீங்க?"

"வாங்க தம்பி, கோவிச்சுக்காதீங்க, முடிவு சொல்றதுக்கு இன்னும் கொஞ்ச நேரமாகும்" என்றான் அர்த்தநாரி, துடைப்பதை நிறுத்தாமல். "மஞ்சள் மொதல்ல வுழுந்தப்ப நல்லாக் காஞ்சு இருந்துச்சுங்க. செகப்ப ஈரத்தோட போட்டா ஒப்பிட முடியாதில்லீங்களா? அந்தப் பக்கத்துச் சீட்டை நீங்க செத்த நேரம் தொடச்சுக் குடுங்க, பொழுது எறங்கறதுக்குள்ள போட்டுரலாம்."