மூன்றாவது விசில் யாருடையது?

பாத்திரங்கள் எல்லாம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், குக்கருக்கு விசிலே கிடையாது. சோறு வெந்ததும், "ஆயிடுச்சு, இறக்கும்மா" என்று மரியாதையாகச் சொல்லும். அவ்வளவுதான்.

அரக்கோணம் ரயில்வே குவார்ட்டர்ஸில் முதல் குக்கரை வாங்கியவள் வேதவல்லி. காலையில் எட்டுப் பத்து ரயிலைப் பிடித்து டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு வேலைக்குப் போகிறவள். பானை வைத்து, கஞ்சி வடித்து, கையைச் சுட்டுக்கொள்ள நேரமில்லை.

அவள் சமையலறை ஜன்னலில் ஒரு மைனா இருந்தது. யார் குரலையும் விடாது. "வேதா, என் பெல்ட்டைப் பார்த்தியா?" என்று அவள் கணவன் தணிகாசலத்தின் குரலில் கேட்கும். அவள் வீடெல்லாம் தேடுவாள். அவன் இடுப்பில் பெல்ட்டோடு நின்று விழிப்பான்.

குக்கர் வந்த மூன்றாம் நாள், மைனா குக்கரின் குரலில் சொன்னது: "ஆயிடுச்சு, இறக்கும்மா."

வேதவல்லி ஸ்டவ்வை அணைத்தாள். திறந்தால் அரை வேக்காடு. அத்தனையையும் ஜன்னல் விளிம்பில் கொட்டிவிட்டு, வெறும் டிபன் கேரியரோடு ஓடினாள். மறுநாளும் அதே கதை.

"நாளைக்கும் இப்படின்னா உன்னைப் பழைய பாத்திரக்காரர்கிட்ட போட்டுட்டு, ஒரு சருவச்சட்டி வாங்கிக்குவேன்" என்றாள் குக்கரிடம்.

குக்கர் மைனாவைக் கெஞ்சியது. "ஏன் என் பிழைப்புல மண்ணள்ளிப் போடறே?"

"என் பிழைப்புல நீதான் போட்டே" என்றது மைனா. "பானையா இருந்தா வடிக்கும்போது நாலு பருக்கை சிந்தும். நீ மூடின வாயைத் திறக்கறதே இல்ல. நான் எதைத் தின்னறது?"

அன்று மாலை, குழாயடியில் தண்ணீர் சத்தத்தோடு சத்தமாக, குக்கர் வேதவல்லியின் காதில் சொன்னது. "நாளைலேர்ந்து நான் பேசமாட்டேன். பேச்சை அடக்கி அடக்கி, முடியாதப்போ உச்சி வழியா மூச்சு விடுவேன். மூணாவது மூச்சுக்கு இறக்கிடு. ஆனா ஒண்ணு, ஒருதரம் பேச்சை விட்டா எனக்குத் திரும்ப வராது."

"பரவாயில்லையா உனக்கு?"

"சருவச்சட்டிக்கு மாறிப் போறதுக்கு இது மேல்."

மறுநாள் காலை. "ஆயிடுச்சு, இறக்கும்மா" என்றது ஜன்னல். வேதவல்லி அசையவில்லை. "வேதா, தீயற வாசனை வருது" என்றது தணிகாசலத்தின் குரலில்.

"நான் ஒண்ணும் சொல்லலியே" என்று குளியலறையிலிருந்து வந்தது நிஜக் குரல்.

அப்போதுதான் உலகத்தின் முதல் குக்கர் விசில் கிளம்பியது. மைனா விளிம்பிலிருந்து விழப் பார்த்தது. இரண்டாவதுக்குத் தலையைச் சாய்த்துக் கேட்டது. மூன்றாவதுக்கு வேதவல்லி ஸ்டவ்வை அணைத்தாள். ஆவி அடங்கித் திறந்தபோது பருக்கை பருக்கையாகச் சோறு.

"கெட்டிக்காரன்தான்டா நீ" என்றாள்.

குக்கர் என்னவோ சொல்லப் பார்த்தது. 'ஸ்ஸ்' என்று மட்டும் வந்தது. அவள் அதன் மூடியைக் கொஞ்ச நேரம் துடைத்துக்கொண்டே நின்றாள். பிறகு ஒரு பிடி சோற்றை ஜன்னலில் வைத்துவிட்டு ரயிலுக்கு ஓடினாள்.

தினமும் ஒரு பிடி கிடைத்தது. மைனாவின் வயிறு நிறைந்தது. ஆனால் தொண்டை சும்மா இருக்குமா? ஒரு வாரம் யாருக்கும் தெரியாமல் வேப்பமரத்தில் உட்கார்ந்து விசிலைப் பழகியது.

அடுத்த திங்கட்கிழமை வேதவல்லி தலை பின்னிக்கொண்டே கூடத்திலிருந்து கேட்டாள். "என்னங்க, எத்தனை விசில் வந்துச்சு?"

"மூணு" என்றான் சமையலறைப் பக்கம் இருந்த தணிகாசலம்.

"எனக்கு ரெண்டுதானே கேட்டுச்சு?"

ஜன்னலில் மைனா ஒன்றுமே தெரியாததுபோல் இறகைக் கோதிக்கொண்டிருந்தது.

ஒரே வீட்டில் இருக்கிற இரண்டு பேருக்கு விசில் கணக்கு ஒத்துப்போகாததும், 'எதுக்கும் இருக்கட்டும்' என்று இன்னொரு விசிலுக்குக் காத்திருப்பதும் அந்தத் திங்கட்கிழமை தொடங்கியதுதான்.