எந்தக் கரைச் சந்தை

இரண்டு நாடுகளுக்கு நடுவே ஓடிய ஆற்றில் ஒரு தீவு. தீவில் ஒரு மடம். இரு கரையிலிருந்தும் ஓடம் வரும். யார் வந்தாலும் கஞ்சி உண்டு. அதைக் குடித்து முடிக்கும்வரை எந்த ஊர் என்று அவரிடம் கேட்கக் கூடாது. மடத்தில் இருந்த ஒரே கட்டுப்பாடு அதுதான்.

குருவுக்கு வயது நாற்பத்தாறு. சீடர் திருமேனிக்கு ஐம்பத்திரண்டு. வடகரை அரண்மனையில் அறிவிப்பு எழுதுவது திருமேனியின் வேலை. அவர் எழுதிய ஓலையைத்தான் முரசடிப்பவர் தெருத்தெருவாகப் படிப்பார்.

அன்று காலை திருமேனி வந்தபோது முரசடிப்பவரும் கூட வந்து ஓடத்திலேயே காத்திருந்தார்.

“முகம் ஏன் சுட்ட கத்தரிக்காய் மாதிரி இருக்கிறது?” என்றார் குரு.

“தூக்கம் இல்லை சாமி. பன்னிரண்டு நாளைக்கு முன் தென்கரைச் சந்தையைக் கொளுத்தினார்கள். ஒன்பது பேர் செத்தார்கள். கொளுத்தியவர்களைப் போராளிகள் என்று எழுதச் சொன்னார் அரசர். எழுதினேன். முந்தாநாள் நம் சந்தையைக் கொளுத்தினார்கள். பதினான்கு பேர். இவர்களைப் பயங்கரவாதிகள் என்று எழுதச் சொன்னார். அதையும் எழுதிவிட்டேன்.”

“பிறகென்ன?”

“இரண்டு இடத்திலும் அதே எண்ணெய், அதே துணிப்பந்தம். சபைப் பண்டிதர்கள் ஆறு பேரும் அது வேறு, இது வேறு என்கிறார்கள். மாற்றி எழுதினால் என் வேலை போய்விடும். அவர்கள் சொல்வது சரிதானா சாமி?”

“இரண்டு ஓலையும் கையில் இருக்கிறதா?”

“இருக்கிறது.”

அப்போது ஒரு பெண் படியேறி வந்தாள். முன்கையில் துணிக்கட்டு. குரு கஞ்சி ஊற்றிக் கொடுத்தார். அவள் கலயத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

“இறங்கல சாமி. சந்தைத் தீயில என் மகன் போயிட்டான்.”

“மெல்லக் குடி அம்மா. இவர் அந்தத் தீயைப் பற்றி அரண்மனையில் எழுதியவர். திருமேனியாரே, வாசித்துக் காட்டும்.”

திருமேனி இடக்கை ஓலையைப் பார்த்தார். வலக்கை ஓலையைப் பார்த்தார். குருவிடம் குனிந்தார்.

“எந்தக் கரைச் சந்தை சாமி?”

“கஞ்சி முடியவில்லையே.”

திருமேனி அவள் சேலைக்கட்டைப் பார்த்தார். இரு கரையிலும் அதே கட்டு. பேச்சும் அதே பேச்சு.

“வாசிங்கய்யா,” என்றாள் அவள். “என் மகன் பேரு இருக்கா அதுல?”

“இல்லையம்மா.”

“கொளுத்தினவனைப் பத்தி இருக்கா?”

“இருக்கிறது.”

“நல்லவன்னு இருக்கா, கெட்டவன்னு இருக்கா?”

திருமேனி அவள் பக்கம் திரும்பினார். “அம்மா, நீங்கள் எந்த...”

குரு அவர் தோளில் கை வைத்தார். கை அங்கேயே இருந்தது.

“நம்ம எழுத்துக்காரருக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாது போல,” என்றார் குரு. அவள் முகத்தில் சிரிப்பு போல ஏதோ வந்து போனது. ஒரு வாய் குடித்தாள்.

திருமேனி இரண்டு ஓலைகளையும் கீழே வைத்தார். மடியிலிருந்து எழுதாத ஓலை ஒன்றையும் எழுத்தாணியையும் எடுத்தார்.

“மகன் பேர் என்னம்மா?”

“வெள்ளையப்பன். வெத்தலைக் கூடை தூக்குறவன்.”

திருமேனி எழுதினார். கூடையையும் சேர்த்து எழுதினார்.

ஓடத்திலிருந்து முரசடிப்பவர் கத்தினார். “அய்யா, வெயில் ஏறுது! கொளுத்தினவங்களை என்னன்னு சொல்லட்டும்?”

திருமேனி குருவைப் பார்த்தார். குரு இன்னொரு கலயத்தில் கஞ்சி ஊற்றி அவர் முன்னால் நகர்த்தினார்.

“பொறுக்கச் சொல்லும். இருபத்துமூன்று பேரில் ஒருவர் பேர்தான் எழுதியாகியிருக்கிறது.”