பதினைந்து காலி நாட்கள்

பாலம் கட்டுவதில் குலசேகரன் சூரர். இருபது வருடம் கம்பியோடும் கான்கிரீட்டோடும் கிடந்தவரை, ஐம்பது வயதில் நான்குவழிச் சாலைக்குக் கால அட்டவணை போடும் வேலைக்கு மாற்றினார்கள். சொல்லிக்கொடுத்தவர் பிலோமினா, பத்து வயது இளையவர். அதில் குலசேகரனுக்குக் கூச்சம் இல்லை. பிடிவாதம்தான் கொஞ்சம் இருந்தது.

அன்று ஓடைப் பாலத்தின் அட்டவணையைக் கொண்டுவந்து வைத்தார். எந்தத் தேதியில் என்ன வேலை, பொறுப்பு யார், எல்லாம் இருந்தது. கார்த்திகை பத்தாம் தேதி திறப்பு. எள் போட்டால் எள் விழாத நெருக்கம்; ஒரு நாள்கூடக் காலி இல்லை. அவருக்கே பெருமையாக இருந்தது.

பிலோமினா படித்து முடித்து, கையெழுத்துப் போடாமல் பேனாவை மூடினார்.

“ஏன் மேடம்? அக்கரை ஊர்த் தலைவர் காலையிலேர்ந்து மூணு தடவை போன் பண்ணிட்டார். தேதி தெரிஞ்சாத்தான் கரும்பு வெட்ட ஆள் சொல்வாங்களாம். சாயங்காலம் சொல்றேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்.”

“பாலம் இல்லாம லாரி ஓடையைத் தாண்டுமா?”

“மழைக்காலத்துல எங்க தாண்டும்?”

“வெட்டின கரும்பு எத்தனை நாள் தாங்கும்?”

“ரெண்டு மூணு நாள். அப்புறம் காய்ஞ்சிடும்.”

“வாங்க, ரோட்டுக்குப் போயிட்டு வருவோம்.”

காலையில் போட்ட கான்கிரீட் சாலையை வேலப்பன் மெஷினால் அறுத்துக்கொண்டிருந்தார். நாலரை மீட்டருக்கு ஒரு கோடு, நூல் பிடித்த மாதிரி.

“நல்லாப் போட்ட ரோட்டை ஏன் அறுக்கறீங்க வேலப்பன்?” என்று கேட்டார் பிலோமினா.

வேலப்பன் சிரித்துவிட்டார். “என்னம்மா, தெரியாத மாதிரி கேக்கறீங்க! காயக் காய இது சுருங்கும். வெடிக்கத்தான் செய்யும். நாம கோடு போட்டுக் குடுத்தா கோட்டுல வெடிக்கும். இல்லேன்னா அது இஷ்டத்துக்கு வெடிக்கும்.”

கொஞ்சம் தள்ளி ஒரு விரிசல், சாலையின் குறுக்கே கோணல்மாணலாக ஓடியது. குலசேகரன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். போன மாதம், நாளைக்கு அறுத்துக்கொள்ளலாம் என்று மெஷினை வேறு பக்கம் விரட்டியது அவர்தான். வேலப்பன் அதைச் சொல்லவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.



அலுவலகத்துக்குத் திரும்பியதும் குலசேகரன் அட்டவணையைத் திறந்தார். அஸ்திவாரத்துக்குப் பிறகு ஐந்து நாள், தூணுக்குப் பிறகு ஐந்து நாள், மேல்தளத்துக்குப் பிறகு ஐந்து நாள் காலியாக விட்டார். திறப்பு கார்த்திகை இருபத்தைந்துக்குப் போனது.  ஊர்த் தலைவருக்குப் போன் போட்டார்.

“இருபத்தஞ்சுங்க.”

“பத்துன்னுல்ல நினைச்சோம்!”

“நானும் அப்படித்தான் நினைச்சேன். இருபத்தஞ்சை நம்பி ஆள் சொல்லுங்க.”

போனை வைத்துவிட்டு, அட்டவணையைப் பிலோமினாவின் மேஜைக்குக் கொண்டுபோனார்.

“நம்ம பெரிய ஆபீசர் விடமாட்டார் மேடம். பதினஞ்சு நாளைக்குப் பொறுப்புக் கட்டம் காலியா இருக்கே, அன்னைக்கெல்லாம் யாருக்கு வேலைன்னு கேப்பார்.”

பிலோமினா பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

“மழைக்குன்னு எழுதுங்க.”