கொட்டாவி மருந்து

கருவேலங்கோட்டையை ஆண்ட வெண்காடபூபதி எட்டுத் திக்கிலும் எதிரிகளை வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியவர். அவர் தூக்கத்தைக் கெடுத்தது ஒரே ஓர் ஆள்தான். அரசியின் தம்பி குழந்தைவேற் பண்டிதர். போதாக்குறைக்கு அரண்மனை வைத்தியர் என்ற பட்டம் வேறு.

பண்டிதர் ஞாபகசக்திக்கு ஒரு லேகியம் கிண்டினார். சபையிலேயே நிரூபித்தும் காட்டினார். பாடசாலைப் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து இருபது வரிப் பாட்டு ஒன்றை வாசித்தார். திருப்பிச் சொல்லச் சொன்னால் ஆளுக்கு நாலைந்து வரிக்கு மேல் தேறவில்லை. பிறகு ஆளுக்கு ஓர் உருண்டை ஊட்டி, அதே பாட்டை மறுபடி வாசித்தார். இப்போது பத்து வரி வந்தது. திரைக்குப் பின்னால் இருந்த அரசி வளையல் குலுங்கக் கை தட்டினாள். நாட்டிலுள்ள பிள்ளைகள் எல்லாரும் தினமும் விடியலில் ஓர் உருண்டை விழுங்க வேண்டும் என்று அங்கேயே ஆணை பிறந்தது.

லேகியத்துக்கு இன்னொரு குணமும் இருந்தது. உள்ளே போன கொஞ்ச நேரத்தில் வயிறு கடகடவென்று உருளும். ஒரே வாரத்தில் பாடசாலை காலி, ஏரிக்கரையில்தான் கூட்டம். பிள்ளைகள் துரும்பாக இளைத்துப்போனார்கள். பெற்றவர்கள் வயிறெரிந்தார்கள். ஆனால் அரசியின் தம்பியை யார் கேட்பது?

அரசர் அம்பலக்கூத்தரைத் தனியே அழைத்தார். கூத்தர் சபைப் புலவர். பாட்டைவிட வாய் அதிகம்.

“கூத்தரே, இந்த லேகியம் நிற்க வேண்டும். ஆனால் பண்டிதரைப் பழித்து உம் வாயிலிருந்து ஒரு சொல் வரக்கூடாது. வந்தால் அரசி என்னைச் சும்மா விடமாட்டாள்.”

“என்னால் முடியாவிட்டால்?”

“தினமும் முதல் உருண்டை உமக்கு.”

“இந்த வயதில் ஏரிக்கரை வரைக்கும் என்னால் ஓட முடியாது, அரசே.”

“தெரிந்துதான் சொல்கிறேன். யோசித்துச் செய்யும்.”

கூத்தருக்கு உண்மையிலேயே பயம் பிடித்துக்கொண்டது.

மறுநாள் சபையில் அவர் எழுந்து கும்பிட்டார். “பண்டிதர் செய்த மாதிரி ஒரு சோதனையை நான் எங்கும் கண்டதில்லை. என்னிடமும் ஒரு மருந்து உண்டு. அதே முறையில் சோதித்துப் பார்க்க அனுமதி வேண்டும்.”

புகழ்ச்சி என்றால் பண்டிதருக்குக் காது இன்னும் கொஞ்சம் நீளும். “தாராளமாகச் செய்யும்,” என்றார்.

கூத்தர் புதுப்பாட்டு ஒன்றை வாசித்தார். பிள்ளைகள் நாலு வரி சொன்னார்கள். பிறகு ஒவ்வொரு பிள்ளை முன்னாலும் போய் நின்று, கடைவாய்ப் பல் தெரிய ஒரு கொட்டாவி விட்டார். அது தொற்றிக்கொண்டது. மந்திரி விட்டார், சேனாபதி விட்டார், வாசல் காவலர்கள் வரை விட்டார்கள். கூத்தர் அதே பாட்டை மறுபடி வாசித்தார். பிள்ளைகள் பதினோரு வரி சொன்னார்கள்.

“பார்த்தீர்களா, அரசே? லேகியத்துக்குப் பத்து, என் கொட்டாவிக்குப் பதினொன்று. நாளை முதல் வீடு வீடாகப் போய்க் கொட்டாவி விட எனக்கு ஒரு பல்லக்கு கொடுங்கள்.”

பண்டிதர் துள்ளி எழுந்தார். “அத்தான், இது சுத்தப் பித்தலாட்டம்.” சபையில் அரசரை முறைவைத்துக் கூப்பிடக் கூடாது என்பதே அவருக்கு மறந்துபோயிற்று. “ஒரே பாட்டை இரண்டாம் முறை கேட்டால் எவனுக்கும்தான் கூட நாலு வரி வரும். அதில் கொட்டாவிக்கு என்ன பங்கு?”

“அடடா, எனக்கு அது தோன்றவில்லையே. பின் எப்படித்தான் சோதிப்பது?”

“பிள்ளைகளை இரண்டாகப் பிரியும். எல்லாரும் இரண்டு முறை கேட்கட்டும். ஒரு பாதிக்கு மட்டும் கொட்டாவி விடும். அப்புறம் இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பாரும்.”

“சரி, கெட்டிக்காரப் பிள்ளைகளை என் பக்கம் எடுத்துக்கொள்கிறேன்.”

“அதுதான் நடக்காது. சீட்டுக் குலுக்கித்தான் பிரிக்க வேண்டும்.”

“என் பக்கம் ஒரு வரி கூடுதலாக வந்தால் ஒப்புக்கொள்வீரா?”

“ஒரு வரி குருட்டாம்போக்கில் யாருக்கும் வரும். மறுபடி மறுபடி குலுக்கிப் பிரித்தும் உம் பக்கமே ஜெயித்தால் நம்புகிறேன்.”

கூத்தர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். “அரசே, இதல்லவா அறிவு. இனி எந்த மருந்தானாலும் பண்டிதர் சொன்ன சோதனையில் தேறிய பிறகே பிள்ளைகள் வாய்க்குள் போக வேண்டும். அவர் பெயராலேயே சட்டம் போடுங்கள்.”

தம்பி பெயரில் சட்டம் என்றதும் அரசிக்குப் பரம சந்தோஷம். அரசர் தாமதிக்கவில்லை. சட்டம் வந்தது, பண்டிதர் தோளில் பொன்னாடையும் விழுந்தது. பல்லெல்லாம் தெரியச் சிரித்தவருக்குப் பாதிச் சிரிப்பில்தான் விஷயம் புரிந்தது. அதற்குள் கூத்தர் சீட்டுக் குலுக்க ஆரம்பித்துவிட்டார்.

ஒரு பாதிக்கு லேகியம், மறு பாதிக்கு ஒன்றும் இல்லை. ஒரு வாரமாக லேகியம் தின்று நொந்த வயிறு ஆயிற்றே, இரண்டாம் வாசிப்பு முடியும்வரை அது பொறுக்கவில்லை. லேகியப் பக்கம் ஒவ்வொருவராக எழுந்து ஓடியது. சும்மா இருந்த பக்கம் பத்து வரி சொன்னது. லேகியப் பக்கத்தில் பதில் சொல்லப் பாய்தான் இருந்தது. மறுநாளும் குலுக்கினார்கள். அப்போதும் பாய்தான் மிச்சம்.

பண்டிதர் விடவில்லை. “இதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, அத்தான். பிள்ளைகள் திரும்பி வரட்டும், அப்புறம் கேளுங்கள். என் லேகியத்தைத் தின்றவனுக்கு மறதி என்பதே கிடையாது.”

அரசர் கூத்தரைப் பார்த்தார். சபையே கூத்தர் வாயைப் பார்த்தது. ஒரு சொல் தவறினால் நாளைக்கே உருண்டை.

கூத்தர் கை கூப்பினார். “பண்டிதர் சொல்வது சத்தியம், அரசே. இந்தப் பிள்ளைகள் சாகிறவரைக்கும் பண்டிதரை மறக்கமாட்டார்கள்.”

முதலில் களுக்கென்று சிரித்தது திரைக்குப் பின்னால் இருந்த அரசிதான். அதன் பிறகே அரசருக்குச் சிரிக்கவும், லேகிய ஆணையைக் கிழித்துப் போடவும் தைரியம் வந்தது.